குழாய்க்குள் போன கட்டுரை

வெடி லேபிளில் காண்டாமிருகத்தின் கொம்பு சரியான சிவப்பில் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வேலுச்சாமி அன்று சிவகாசியில் முகம்மது நூகுவின் அச்சகத்துக்குள் நுழைந்தார். எம். புதுப்பட்டியில் அடுத்தவர் லைசென்ஸில், உள்குத்தகைக்குப் பட்டாசு ஆலை நடத்துகிறவர் அவர். மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இவருக்கு அது மூக்கைத் தாண்டி மூன்று முழம் முன்னால் நடந்து போகும்.

காண்டாமிருகத்தை எடுக்கக் குனிந்தவர் கண்ணில் பக்கத்து அடுக்கு பட்டது. இன்னும் மடிக்காத அச்சுத்தாள்கள், இடுப்பு உயரத்துக்கு. மேல் தாளில் தலைப்பு: ‘உள்குத்தகை ஆலைகளில் விபத்து: ஃபோர்மேன் மட்டும் ஏன் சிறைக்குப் போகிறார்?’ கீழே, மு. எழில், இறுதியாண்டு.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கூடி நடத்துகிற ஆய்விதழ் அது. வாத்தியார் யாரும் அதில் கை வைக்க முடியாது. ஒருத்தி எழுதியதை மற்ற மூன்று பேர் மூன்று மாதம் கடித்துக் குதறிய பிறகுதான் அச்சுக்கு விடுவார்கள். எழில் வேறு யாருமில்லை, வேலுச்சாமியிடம் பத்தொன்பது வருடமாக ஃபோர்மேனாக இருக்கும் முனியராஜின் மகள்.

வேலுச்சாமி போட்ட சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் தானாக நின்றது. ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் அரை அடி இறங்கியது. காரணமும் இருந்தது. போன மாதம் அவருடைய மூன்றாம் அறையில் தீப்பிடித்து, அங்கே வேலை பார்த்த சோலையம்மாளின் இரண்டு கைகளும் வெந்துபோயின. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில், சீசன் ஆர்டருக்காகப் பதினோரு பேரை உட்கார வைத்தவர் வேலுச்சாமி. வருகிற திங்கட்கிழமை விசாரணை அதிகாரி ஆலைக்கே வருகிறார். அன்று முனியராஜ், ‘உட்கார வைத்தது நானே’ என்று கையெழுத்துப் போட்டால் முனியராஜ் உள்ளே போவான். போடாவிட்டால் வேலுச்சாமி போக வேண்டும். முனியராஜ் சரியென்று தலையாட்டியும் விட்டான். இந்த நேரம் பார்த்து அவன் மகள் தொண்ணூற்று நான்கு அடிக்குறிப்புகளோடு கிளம்பியிருக்கிறாள்.

கட்டுரையை நின்றபடியே இரண்டு முறை படித்தார். தன் பெயரோ ஆலையின் பெயரோ எங்கேயும் இல்லை. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. பெயர் போட்டிருந்தால் கேஸாவது போட்டிருக்கலாம்.

அந்த அடுக்கு முழுவதும் தனக்கு வேண்டும் என்றார். அது பிள்ளைகளின் ஆர்டர் என்றார் நூகு. அப்படியானால் காண்டாமிருகம் இனி வேறு அச்சகத்தில் மேயும் என்றார் வேலுச்சாமி. நூகுவுக்குப் பாதி வருடம் ஓடுவது அந்த லேபிளில்தான். சணலை எடுத்து அடுக்கைத் தானே கட்டினார்.

“எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. ஆனா அந்தப் புள்ள கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்கதான் அள்ளிட்டுப் போனீகன்னு சொல்லிருவேன்.”

“நல்லாச் சொல்லும் பாய்.”

நூகு சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே எழில் ஆலை வாசலில் நின்றாள். மறுபடி அச்சடிக்கப் பத்து நாளாகும், திங்களுக்கோ நான்கே நாள். தாளைத் திருப்பிக் கேட்டாள். எந்தத் தாள் என்றார் வேலுச்சாமி. பிறகு, அப்பன் சோற்றில் மண்ணள்ளிப் போடுகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்வது போல அவளுக்குச் சொன்னார்.

“அவருக்கு ஜெயில்லயும் சோறு போடுவாங்கன்னுதான நீங்க நினைக்கீக?” என்றாள் எழில்.

உள்ளே நின்ற முனியராஜ் மகளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வாரமாகியிருந்தது.

தாளை என்ன செய்வது? எரிக்கலாமென்றால், பட்டாசு ஆலைப் பக்கம் தீக்குச்சி உரசுகிறவன் புதுப்பட்டியில் இன்னும் பிறக்கவில்லை. வீட்டில் எரித்தால், தீப்பிடித்த ஆலைக்காரன் வீட்டில் புகை என்று ஊரே வாளியோடு ஓடிவரும். கிணற்றில் போட்டால் மிதக்கும். யோசித்தபடி தாளைத் தடவியவரின் விரலுக்கு ஞானம் வந்தது. நல்ல கனமான தாள். இந்தச் சீமையில் அச்சடித்த தாள் வேஸ்ட் ஆனால் அது வெடிக் குழாய் ஆகும். சுற்றிப் பசை தடவி மருந்தை அடைத்துவிட்டால், வாங்குகிறவனே தீபாவளிக்கு வெடித்துத் தூளாக்கிவிடுவான். எழிலின் அடிக்குறிப்புகள் காசி வரைக்கும் பறக்கும். அந்த மகிழ்ச்சியில் அன்று மத்தியானம் ஒரு கல்யாணப் பந்தியே சாப்பிடுகிற சோற்றை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டார்.

தாள்களை அடுக்கோடு குறுக்கே பட்டை பட்டையாக வெட்டி, கட்டுக் கட்டாகக் குழாய் சுற்றும் கொட்டகையான குழாய் செட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நாற்பது பெண்கள். ஆலைக்குள் செல்போன் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாளெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பது கையிலுள்ள பட்டை மட்டும்தான். வரிசையில் முதலில் உட்காரும் மாரிசெல்விக்கு வந்த கட்டின் ஆயிரம் பட்டையிலும் ஒரே பத்தி. பக்கத்தில் உட்காரும் முருகம்மாளுக்கு அடுத்த பத்தி. முதல் நாள் படித்தார்கள். இரண்டாம் நாள் பார்க்காமலே சொன்னார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில், உட்கார்ந்த வரிசைப்படி முழுக் கட்டுரையும் செட்டுக்குள் ஓடியது. தூரத்தில் முணுமுணுப்பைக் கேட்ட வேலுச்சாமி, கோயில் பொங்கலுக்கு அம்மன் பாட்டுப் பழகுகிறார்கள் என்று மனம் குளிர்ந்தார்.

திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று குழாய் செட்டுப் பெண்களை, உட்காரும் வரிசைப்படியே நிறுத்தியவர் வேலுச்சாமிதான். அதிகாரி, வேலுச்சாமி எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, மூன்றாம் அறையில் பதினோரு பேரை உட்கார வைத்தது நீதானா என்று முனியராஜிடம் கேட்டார். முனியராஜ் பேனாவை எடுத்தான்.

வரிசையில் முதலில் நின்ற மாரிசெல்வி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். “வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லாத ஃபோர்மேன், அறையில் எத்தனை பேர் அமர்வது என்பதை முடிவு செய்தார் என்று கொள்ள இடமில்லை.”

முருகம்மாள் விட்ட இடத்தில் பிடித்தாள். “ஆர்டர் எடுப்பவர் உள்குத்தகைக்காரர். ஆட்களை வேனில் ஏற்றுபவர் அவர். அமர்த்துபவரும் அவரே. தீப்பிடித்த பிறகு மட்டும் அவர் அங்கே இல்லாதவர் ஆகிறார்.”

நான்காவதாக நின்றவள், “அடிக்குறிப்பு நாற்பத்தொன்று” என்று கூடச் சொன்னாள். அவளுக்கு வந்த கட்டு அப்படி.

வேலுச்சாமி வாயை மூடச் சொன்னார். அதிகாரி வேலுச்சாமியை வாயை மூடச் சொன்னார். இதெல்லாம் எங்கே படித்தது என்று கேட்டார்.

“மொதலாளி குடுத்த தாளுதான் சார், நாலு நாளா எங்க கையில,” என்றாள் மாரிசெல்வி. “இது நான் சொல்றது. அன்னிக்கு எங்க செட்டுல இருந்து போயி மூணாம் ரூம்ல நானும் இருந்தேன். உக்காரச் சொன்னது இவுக. கூட்டமா இருக்குன்னு வாசல்ல நின்னு சண்டை போட்டவரு அந்தா பேனாவோட நிக்காரு. அம்புட்டுப் பேரும் எழுதித் தாரோம்.”

முனியராஜ் பேனாவை மேசையில் வைத்தான். “நான் போடல சார்,” என்றான்.

அதிகாரி ஒரு குழாயைக் கொண்டுவரச் சொல்லி நகத்தால் பிரித்துப் படித்தார். பிறகு செட்டிலிருந்த குழாய்கள் அத்தனையும் சாட்சிப் பொருள் என்று பூட்டி சீல் வைத்தார். வேலுச்சாமியைத் தன் ஜீப்பிலேயே விசாரணைக்கு ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் ஏறப் போனவரைப் பின்னால் உட்காரச் சொன்னார்.

பத்தாம் நாள் ஆய்விதழ் வெளிவந்தது. ஜாமீனில் வந்திருந்த வேலுச்சாமி, தன் பெயர் இருக்காதா என்ற ஆசையோடு அதைப் புரட்டினார். கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. அடிக்குறிப்பு தொண்ணூற்றைந்து: ‘இக்கட்டுரையின் முதல் அச்சு முழுவதும் ஓர் ஆலையில் பட்டாசுக் குழாய்களாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது.’

இப்போதும் பெயர் போடவில்லை.