கேட்டுக்கு வெளியே நின்றவள்

சின்னப்பையனுக்கு ஒரே ஆசைதான், கண்ணுங்களா. வல்லம் வடகாலில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் கேட் செக்யூரிட்டியாக நின்றவர் அவர். அந்தக் கேட்டுக்குள்ளே, ஏ.சி. ரூமில், மகள் நிலா எச்.ஆர். மேடமாக உட்கார வேண்டும். அதற்காகத்தான் தண்டலம் பக்கத்துக் காலேஜில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பில் சேர்த்தார்.

அந்தப் படிப்பில் இரண்டாம் வருஷம் ஒரு பிரிவை எடுக்க வேண்டும். எந்தப் பிரிவு என்று வெள்ளிக்கிழமை பெற்றவர்களோடு வந்து சொல்ல வேண்டும். எச்.ஆர். எடுத்தால் கம்பெனி வேலை. கம்யூனிட்டி எடுத்தால் ஊர், தெரு, ஜனங்கள். நிலா கம்யூனிட்டி என்றாள்.

"அது சோசியல் ஒர்க்கு இல்லம்மே, சும்மா ஒர்க்கு!" என்றார் சின்னப்பையன்.

"பொண்ணு இன்னா பண்ணுதுன்னு கேட்டா, தெருத் தெருவா சுத்திக்கினு கீதுன்னு சொல்றதா?" என்றாள் அம்மா கிளியம்மாள்.

"நீ சரின்னு சொல்லாம எடுக்க மாட்டேன் நைனா. ஆனா எச்.ஆருக்கு எனக்கு மனசு வரல."

"வெள்ளிக்கிழம நானே வந்து உங்க சாராண்ட எச்.ஆருன்னு சொல்லிடறேன்."

வியாழக்கிழமை நிலாவுக்குக் களப்பணி. அப்பாவின் கம்பெனியில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு வாராவாரம் போவாள். அன்று போனால், தெற்கத்திப் பெண் இசக்கிசெல்வி மெஷினில் விரல் நசுங்கிப் பாயில் கிடக்கிறாள். கட்டுப் போட்ட டாக்டர், ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல் போய்விடும் என்றாராம். வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டரோ ஊருக்குப் போகச் சொல்லிவிட்டானாம். நிலா அவளை ஆட்டோவில் ஏற்றி நேரே கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோனாள்.

வாசலில் டூட்டி யார்? சின்னப்பையன்தான். பக்கத்தில் இன்னொரு செக்யூரிட்டி கன்னியப்பன். மகளைக் கண்டதும் சின்னப்பையன் கன்னியப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"யாரும்மா? யாரப் பாக்கணும்?" என்றார், அந்நியரைக் கேட்பதுபோல.

நிலா ஒரு நொடி அவரையே பார்த்தாள். "எச்.ஆர். மேடத்தைப் பாக்கணும் சார்."

மேடம் வந்தாள். நிலாவைவிட நாலு வயது கூட இருப்பாள். "இவங்க எங்க ஆள் இல்லைங்க, காண்ட்ராக்டரைப் பாருங்க." மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான், பாவம். இசக்கியின் கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதைச் சின்னப்பையன் கவனித்தார்.

அந்த நேரம் ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள்.

"உலகம்மா! கவியா! இங்க வாங்களேன். இது யாருன்னு மேடத்துக்குச் சொல்லுங்க," என்று ஹாஸ்டல் பெண்களைக் கூப்பிட்டாள் நிலா.

"நம்ம இசக்கில்லா! எம் பக்கத்துல நின்னு வேல பாக்கவ," என்றாள் உலகம்மாள். "எக்கா, இவ கை இப்பம் எப்பிடி இருக்கு?"

கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. ஒருத்தியும் ஏறவில்லை. "இவள ஆஸ்பத்திரி வண்டில ஏத்துங்க மேடம், நாங்க பஸ்ல ஏறுதோம்," என்றாள் உலகம்மாள்.

"செக்யூரிட்டி, இவங்கள அனுப்புங்க!"

கன்னியப்பன் லத்தியோடு நகர்ந்தார். சின்னப்பையன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அவங்க ரோட்ல நிக்கிறாங்கம்மா. ரோடு நம்மளுது இல்ல."

மேடம் உள்ளே ஓடிப்போய்ப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் கம்பெனிக் கார் வந்தது. இசக்கியோடு அவளே ஏறிக்கொண்டாள். ஏறுமுன் நிலாவின் கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் ஏறினாள். பெண்கள் போட்ட கூச்சலில் தெருநாய்கள் தெறித்து ஓடின. விரல் பிழைத்துக்கொண்டது, கவலைப்படாதீர்கள்.

"யாருய்யா அந்தப் பொண்ணு? காரையே வரவெச்சிடுச்சே!" என்றார் கன்னியப்பன்.

"எம் பொண்ணு."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா யாரும்மான்னு கேட்ட?"



வெள்ளிக்கிழமை காலேஜில் பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கும் எச்.ஆர்.தானே? காலையிலேர்ந்து வந்த பெத்தவங்க எல்லாரும் அதான் கேட்டாங்க."

"இல்லீங்க சார். ஜனத்தோட நிக்கிற அந்த இன்னொண்ணு," என்றார் சின்னப்பையன். "உள்ள குந்த நெறைய பேரு கீறாங்க. வெளிய நிக்கத்தான் ஆளு இல்ல."

அவருக்கு அன்று பேச்சு நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருத்தரைப் பிடித்து, "எம் பொண்ணு இன்னா பண்ணுச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இரண்டு பஸ் வந்து போயின. நிலா ஒன்றையும் கையைக் காட்டி நிறுத்தவே இல்லை.