டி'ரோஸ் என்ற பேரில் இருந்த ஓட்டை

ஃப்ளாவியா டி'ரோஸ் காலையில் கம்ப்யூட்டரில் தன் பேரைத் தட்டினால் ஆபீஸில் ஏதாவது ஒன்று ரோஸ் கலராகிவிடும். திங்கட்கிழமை சுவர். செவ்வாய்க்கிழமை தண்ணீர் கேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூத்துக்குடியில் உப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அலுத்திருந்தது.

புதன்கிழமை மேனேஜர் ஆத்திமுத்து ரோஸ் ஆனார். அதற்குப் பிறகுதான் அது பிரச்சினை ஆனது.

ஆபீஸில் கதவு, ஃபேன், லிஃப்ட் எல்லாமே புது சாஃப்ட்வேர் சொன்னபடிதான் நடக்கும். அதை விற்ற கம்பெனியிலிருந்து இன்பராஜ் என்பவன் வந்தான். ஃப்ளாவியாவின் பேரை டார்ச் அடித்துப் பார்த்தான்.

"டி-க்குப் பக்கத்துல மேல ஒண்ணு தொங்குதே, என்ன அது?"

"என் பேரு."

"அங்கேயே பேர் முடிஞ்சிருச்சுன்னு சாஃப்ட்வேர் நினைக்குது. அதுக்கப்புறம் வர்றது எல்லாம் அதுக்கு உத்தரவு. நீங்க ரோஸ்னு சொல்லுதீங்க, அது ரோஸ் ஆக்குது."

"அப்போ சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கு."

"இல்ல மேடம். உங்க பேர்லதான்."

ஆத்திமுத்து ரோஸ் கலர்க் கையை நீட்டினார். "அந்தக் குறியை எடுத்துட்டு வா. இல்லன்னா வேலைக்கு வராதே."

ஃப்ளாவியாவின் அப்பா கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. பேர் மட்டும் தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தது. அதைப் பிய்த்துக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மறுநாள் கதவு அவளை உள்ளே விடவில்லை. பேரைக் கேட்டது. 'ஃப்ளாவியா டி' வரைக்கும் தட்டினாள். குறியைப் போட்டாள். அதற்குப் பின்னால், 'அல்லது, ஒன்று என்றால் ஒன்றுதானே' என்று சேர்த்தாள்.

கதவு யோசித்தது. ஒன்று என்றால் ஒன்றுதான். மறுத்துப் பேச வழியில்லை. திறந்துகொண்டது. கூடவே கட்டடத்தின் எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டன. முதலாளி அறை திறந்தது. கக்கூஸும் திறந்தது. உள்ளே ஆத்திமுத்து உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க ஒரே ரோஸ்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அவ்வளவுதான். எல்லாரும் தங்கள் பேருக்குப் பின்னால் ஒரு குறியைத் தொங்கவிட்டார்கள். குடோன் செல்லக்கனி, 'நடக்க இடம் பத்தலை' என்று தட்டினாள். வராந்தா நீண்டு துறைமுகம் வரை போனது. கூட்டுகிற வேலாயி, 'டேபிளைத் தூக்கு' என்றாள். எல்லா டேபிளும் காணாமல் போயின. வாடிக்கையாளர் பேர்களை சாஃப்ட்வேர் ஒரு டேபிளில்தான் வைத்திருந்ததாம். அதுவும் போனது. கடலில் ஒரு கப்பல் யாருக்குப் போகிறோம் என்று தெரியாமல் நின்றது.

இன்பராஜ் ஓடி வந்தான். ஸ்க்ரூ டிரைவரால் எதையோ முறுக்கினான்.

"சரி பண்ணியாச்சு சார். இனிமே பேர் போடுற கட்டத்துல யார் என்ன சொன்னாலும் அது வெறும் பேரு. உத்தரவா எடுத்துக்காது."

"நான் சொன்னாலுமா?"

"யார் சொன்னாலும்."

ஆத்திமுத்துவுக்கு அது காதில் ஏறவில்லை. அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். ஃப்ளாவியாவை முறைத்துக்கொண்டே, 'உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்' என்று தட்டினார்.

'நல்வரவு, உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன் அவர்களே' என்றது சாஃப்ட்வேர். அவர் அறை வாசலில் இருந்த பலகை மாறியது.

'இதை உடனே மாத்து' என்று தட்டினார். அது இனிஷியலாகச் சேர்ந்தது.

பிறகு ஃப்ளாவியா உட்கார்ந்தாள். தன் பேரைத் தட்டினாள். திரையில் அது முழுசாக வந்து நின்றது. குறி அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

போன் அடித்தது.

"சார் இருக்காவளா?" என்றது ஒரு பெண் குரல்.

"மீட்டிங்ல இருக்காவ. யார் பேசுதீங்க?"

"மிஸஸ் உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன் பேசுதேன். வரும்போது மல்லித்தழை வாங்கிட்டு வரச் சொல்லும்மா."

ஃப்ளாவியா போய்ச் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டினார்.