இருவருக்கான படகு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, என் கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் அடிபட்டுப் போகிறது. காலை நீட்டிக்கொள்ளுங்கள், கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். கட்டின புருஷனோடு ஐந்து நாள் தனியாக இருப்பதற்காக, நாட்டின் அந்தக் கோடியில் ஓர் ஆற்றைத் தேடிப்பிடித்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

அய்யம்பேட்டைக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் அவள் வீடு. பெயர் கமருன்னிஸா. நாற்பத்தெட்டு வயது. கணவர் மூஸாவுக்குச் சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக் வேலை. கல்யாணமான நாலாம் மாதம் சபர் என்று கடல் கடந்து போன மனுஷர், இருபத்தாறு வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அந்த நாற்பத்தைந்து நாளும் அவளுக்கா கிடைக்கும்? சபரிலிருந்து வந்தவரைப் பார்க்க ஊரே வரும். அவரும் வீடு வீடாகப் போய்வர வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் பத்து வருஷத்துக்கு அதுதான் பேச்சு. போன தடவை திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்த காரில்கூட அவர் முன் சீட்டில், இவள் பின்னால் இரண்டு நாத்தனார்களுக்கு நடுவில். டிரைவரின் கண்ணாடியில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் லாரி வருகிறதா என்று டிரைவர் கண்ணாடியைத் திருப்பும் வரைக்கும்தான் அதுவும்.

மகள் ஷிஃபா ஒருநாள் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். அருணாசலப் பிரதேசத்தில் ஏதோ ஓர் ஆறு. இரு பக்கமும் காடு. பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் தண்ணீரில் ரப்பர் படகு குதித்துக்கொண்டு போனது. "அஞ்சு நாள் ஆத்துலயே போறாங்கம்மா. மணல்ல கூடாரம் போட்டுத் தூங்குறாங்க. அந்தப் பக்கம் போனே எடுக்காதாம்" என்றாள். வேறு யாரும் அந்தப் படகைத்தான் பார்த்திருப்பார்கள். கமருன்னிஸா அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். போன் எடுக்காத இடம். நாத்தனார் வராத இடம்.

வெள்ளிக்கிழமை மூஸா கூப்பிட்டபோது, நாமும் அங்கே போகலாம் என்று சொன்னாள்.

"கமரு, நெசமாவா சொல்றே?"

"நெசமாத்தான் மச்சான்."

"தேதி பாரு. நான் லீவு எழுதிப் போடுறேன்."

அன்றிலிருந்து தொடங்கியது ஏற்பாடு. பயணம் நடத்தும் கம்பெனியில் தமிழ்நிலா என்ற பெண்தான் போனில் பேசினாள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, கமருன்னிஸா நாள்காட்டித் தாள்களின் முதுகில் எழுதிக்கொண்டாள். நனைந்தால் சீக்கிரம் காயும் துணி வேண்டும். கடைக்காரர் காட்டியது எதுவும் பிடிக்காமல், குடைத்துணி மாதிரி வழுவழுத்த துணி வாங்கி, முழுக்கையும் தலைமூடியுமாகத் தானே தைத்தாள். போட்டுக்கொண்டு குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்து, கொல்லையில் வெயிலில் நின்று மணி பார்த்தாள். பெரிய நாத்தனார் ஆமினா லாத்தா அதே நேரத்தில் வந்து தொலைத்தாள்.

"என்னடி இது கோலம்? மழையில நனைஞ்ச வவ்வாலு மாதிரி!"

"ஆத்துல போறதுக்கு லாத்தா."

"வாசல்ல ஆறு கெடக்கு. இவ ஏரோப்ளேன் ஏறி ஆறு பாக்கப் போறாளாம். என் தம்பியத் தண்ணியில தள்ளிவுட்டுட்டு வந்துடாத தாயே. அவன் கொடத்துத் தண்ணியப் பாத்தாலே பயப்படுவான்!"

பயண விண்ணப்பத்தில் 'கூடாரம்: தனியா, இருவருக்கா?' என்று ஒரு கேள்வி. 'இருவர்' என்ற இடத்தில் விரலை வைத்தபோது, பேரப்பிள்ளை எடுத்தவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. அந்த ரப்பர் படகில் இருவரும் ஒரே பக்கம் உட்காரலாமா என்று தமிழ்நிலாவிடம் கேட்டாள்.

"எடை பாத்துத்தாம்மா உக்கார வைப்பாங்க. ஆனா ரெண்டு பேர் மட்டும் போற சின்னப் படகு இருக்கு, கயாக்னு. தண்ணி கொஞ்சம் அடங்குற இடத்துல நீங்களே துடுப்பு போட்டுப் போகலாம். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுல ஏறுன புருஷன் பொண்டாட்டி எல்லாரும் சண்டை போட்டுட்டுத்தான் எறங்குறாங்க."

"அதையே எழுதிக்கம்மா. சண்டை போடக்கூட எங்களுக்கு இதுவரைக்கும் நேரம் கெடைச்சதில்ல."

தேதியை அவள் யோசிக்கவே இல்லை. ஆடிப் பதினெட்டு. காவிரிப் படுகையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆறு நிறைந்திருக்கும் நாள் வேறு எது? மூஸாவும் அதற்குத் தோதாக லீவு எழுதிக் கொடுத்தார், அவர் கம்பெனியும் ஒத்துக்கொண்டது. தலையில் கட்டும் விளக்கு இரண்டும், ஆற்றுப் பாறையில் வழுக்காத செருப்பு இரண்டு ஜோடியும் வாங்கிப் படம் அனுப்பினார். பெரிய செருப்புக்குப் பக்கத்தில் சின்னச் செருப்பு. அந்தப் படத்தை அவள் எத்தனை தரம் திறந்து பார்த்தாளோ, அந்தக் கைபேசிக்குத்தான் தெரியும்.

ஆனி பிறந்தது. மேட்டூர் திறந்தாகிவிட்டது, கல்லணைக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அந்த வாரம் கமருன்னிஸா தமிழ்நிலாவைக் கூப்பிட்டு, மிகவும் பொறுப்பாக ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க ஆத்துக்கு எந்தத் தேதியில தண்ணி தொறப்பாங்க?"

"தொறக்குறதா? யாரும்மா தொறப்பாங்க? அது மலையிலேருந்து தானா வர்ற ஆறு." பிறகு ஏதோ தட்டிப் பார்க்கும் ஓசை. "ஐயோ அம்மா, ஆகஸ்ட் மூணுன்னா போட்டிருக்கீங்க? அப்ப அங்க உச்ச மழை. கரை தெரியாம வெள்ளம் போவும். படகே எறக்க மாட்டோம். நவம்பர் கடைசியிலதான் ஆறு நம்மள உள்ள வுடும். நானும் கவனிக்காம வுட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க."

கமருன்னிஸா தையல் இயந்திரத்தின் மேல் மடித்து வைத்திருந்த உடையைப் பார்த்தாள். தண்ணீர் எப்போதும் யாரோ திறந்துவிட்டு வருவது. முறை வைத்து வருவது. நிறைந்து வந்தால் நல்ல நாள். இதைத் தவிர வேறு விதமாகவும் ஓர் ஆறு இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மூஸாவிடம் சொன்னாள். மறுநாள் அவர் ஒரு வழியோடு கூப்பிட்டார். அவர் அறையில் தங்கியிருக்கும் பேராவூரணிக்காரர் பாசித்துக்கு நவம்பரில் லீவு. அவர் மனைவிக்கு ஆடியில் பிரசவம். மாற்றிக்கொள்ளக் காத்திருக்கிறார்.

"நீ சொல்றதுதான் கமரு. ஆடியில வான்னா ஆடியில வர்றேன். ஆத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீசுல சொல்லணும்."

ஆடி என்றால் இன்னும் ஆறே வாரம். கார்த்திகை என்றால் ஐந்து மாதத்துக்கு மேல். இரண்டு வருஷமாக நாளை எண்ணிக்கொண்டிருப்பவளிடம் போய், இன்னும் கொஞ்சம் எண்ணு என்று சொல்லலாமா? அவளே அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவருடைய சட்டை ஒன்று பீரோவில் இருந்தது. அதை எடுத்து, மோந்து பார்த்து, திரும்ப வைத்தாள். அத்தர் வாசனை போய்ப் பீரோ வாசனைதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை பகல், தெருவில் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாதமாக வெறும் மணலாகக் கிடந்த குடமுருட்டியில், சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மண் நிறத்தில், நடந்து வருகிற மாதிரி மெல்ல வந்தது. கரையில் நின்ற பெண்கள் பூ எறிந்தார்கள். இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று யாரும் அதைக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது.

"சொல்லு கமரு."

"கார்த்திகையிலயே வாங்க மச்சான்." குரல் உடையாமல் சொல்லிவிட்டாள். "ஆடியில வந்தா ஊருக்கு வருவீங்க. கார்த்திகையில எனக்கு வருவீங்க."

மூஸா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது. ஆறு வெள்ளிக்கிழமையா பாசித் என்னைய நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறான். எல்லாரும் சின்னப் பசங்க. நான் மட்டும் கெழவன். இன்னும் மூஞ்சிய உள்ள வைக்க முடியல. ஆடிக்குள்ள எப்புடிடா கத்துக்கப் போறோம்னு தூக்கமே இல்ல எனக்கு."

கமருன்னிஸா சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. படித்துறையில் இறங்கி, முழங்கால் வரை புதுத்தண்ணீரில் நின்றுகொண்டு, கைபேசியைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள்.

"கேக்குதா மச்சான்?"

"கேக்குது. பக்கத்துல இருக்குற மாதிரியே கேக்குது."

"இந்தத் தண்ணின்னு நெனச்சுக்கிட்டு அந்தக் குளத்துல மூஞ்சிய வச்சுப் பழகுங்க. அந்த ரெண்டு பேர் படகுல முன்னால நான் உக்காருறேன். பின்னால நீங்க."

"முன்னால உக்காருறவங்கதான் மொத நனைவாங்களாமே?"

"நனையத்தானே போறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, தைத்து வைத்த உடையை மறுபடி பிரித்து மடித்தாள். அவருடைய சட்டையின் மேல் வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

கதை இவ்வளவுதான், தங்கங்களே. உங்கள் வீட்டில் தொலைவுக்குப் போனவர்கள் எல்லாரும் சுகமாக வாசல் வந்து சேரட்டும். வந்தவர்களோடு உட்கார்ந்து பேச, ஏன், சண்டை போடவும், உங்களுக்கு நேரம் நிறையக் கிடைக்கட்டும். உங்கள் வீட்டுப் பானையில் சோறும், உங்கள் வாய்க்காலில் தண்ணீரும் குறையாமல் இருக்கட்டும்.