ஹிசாப் கூடாது

திலகவதியின் கடைவாய்ப்பல் ஒரு மழைக்காலம் முழுக்க அவளைப் பாடாய்ப் படுத்தியது. செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும்போது ரத்தமெல்லாம் தாடைக்கு இறங்கி விண் விண்ணென்று தெறிக்கும். கிராம்பை வைத்து அடைத்தாள், இடப்பக்கமே மென்று காலத்தை ஓட்டினாள். பல்லுக்காக வேலையை விடுகிற வழக்கம் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை.

குருபோங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை கிடைத்த பிறகுதான் பிடுங்கிவிடுவது என்று முடிவெடுத்தாள். கேன்டீனை நடத்துகிற பவானேஸ்வரி முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கெழம வந்துரு திலகா. வர்லன்னா வேற ஆளு ரெடியா நிக்குதுலா. அப்புறம் என்னைய கொற சொல்லாத."

அட்டையும் பாம்பும் இல்லாத வேலை. கூரைக்குக் கீழே நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. அதில் போய் முதல் நாளே தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா?

வியாழக்கிழமை காலையில் புருஷன் சாமிக்கண்ணு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அலோர் காஜா அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனான். பல் லேசில் வரவில்லை. ஆட்டி, அசைத்து, கடைசியில் வேரோடு வந்தது. எல்லோரும் மிஸி என்று கூப்பிடும் மலாய்க்கார நர்ஸ் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் சாமிக்கண்ணுவிடம் மலாயில் ஒப்பித்தாள். இன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஆறின கஞ்சி கொடு, குளிர்ச்சியாகக் கொடு, தலையணையை உயர்த்திப் படுக்க வை. கடைசியாக, "ஜாங்ஙான் ஹிசாப்" என்றாள்.

சாமிக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாங்ஙான் என்றால் கூடாது; ஹிசாப் என்றால் அவனுக்கு ரோக்கோ, சிகரெட்தான். காட்டில் மலாய்க்காரர்களோடு நின்று சிகரெட் பிடித்த இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் வேறெதற்கும் கேட்டதில்லை.

"ரோக்கோ பிடிக்கக் கூடாதாம் திலகா. இன்னியோட நீ விட்ரணும்லா."

வாயில் பஞ்சோடு அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். மிஸிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

பிள்ளை பெற்றதற்குப் பிறகு திலகவதி பகலில் படுத்ததே இல்லை. அன்றைக்குப் படுத்தாள். இரண்டு தலையணை, மேலே காற்றாடி, பக்கத்தில் ஐஸ் கட்டி சுற்றின துண்டு. மரத்த வாய் மெல்ல மெல்லத் தன் வாயாகிக்கொண்டிருந்தது. சமையலறையில் சாமிக்கண்ணு பாத்திரங்களோடு மல்லுக்கட்டினான்.

"அரிசி எங்கடி?"

அவள் கையைக் காட்டினாள்.

"உப்பு?"

மறுபடியும் காட்டினாள்.

"என் வீட்லயே நான் விருந்தாளி மாதிரி இருந்திருக்கேன் பாரு."

கஞ்சி அடிப்பிடித்திருந்தது. ஆனாலும் விசிறி ஆறவைத்துத்தான் கொடுத்தான். தன் சிகரெட்டை வீட்டுக்குள் பற்றவைக்கவில்லை. ரோட்டோரம் போய் நின்று பிடித்துவிட்டு வந்தான். "பொகையும் ஆவாதுல்ல. மிஸி கண்டிசனா சொல்லிட்டா."

சாயங்காலம் குத்புதீன் நானா கடையில் மைலோ ஐஸ் புங்குஸ் வாங்கிவந்தான். பிளாஸ்டிக் பையில் குளிர்ந்த சாக்லெட் பால், வாயைச் சுற்றிக் கயிறு, நடுவில் ஸ்ட்ரா. "குளுகுளுன்னு குடுக்கச் சொன்னாள்ல. உறிஞ்சு."

திலகவதி உறிஞ்சினாள். பையின் அடியில் தங்கின பாலையும் விடாமல், கன்னம் குழிய உறிஞ்சினாள். படுத்த இடத்துக்குக் குடிக்கக் கொண்டுவந்து கொடுத்த ஆள் அவளுக்கு அதுவரை இருந்ததில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பல் பிடுங்கினால் ரத்தம் வரத்தான் செய்யும் என்று விழுங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமையும் மைலோ வந்தது.

சனிக்கிழமை காலையில் வலி திரும்பியது. பல் இருந்தபோது இருந்த வலி இதன் கால் தூசுக்குப் பெறாது. தாடையில் கிளம்பிக் காதுக்குள் புகுந்து மண்டையைக் குடைந்தது. வாய் நாறியது. மாத்திரைக்கு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாமிக்கண்ணு சொன்னான்: "இப்பிடியே எப்பிடிப் போவ? பவானேஸ்வரிக்கு ஒரு போன் போட்டு ரெண்டு நாளு கேளு."

"கேட்டா அவ ஆளு வச்சிருவா. மறுபடியும் நான் போயி பழம் பொறுக்கணுமா? வண்டிய எடுங்க."

டவுனில் தனியார் பல் டாக்டர் ஒருத்தி கடை திறந்திருந்தாள். தமிழ்ப் பெண். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஸ்ட்ரா போட்டுக் குடிச்சீங்களா ஆன்ட்டி?"

திலகவதி தலையாட்டினாள்.

"பல்லு இருந்த குழியில ரத்தம் ஒறைஞ்சு மூடி மாதிரி நிக்கணும். உறிஞ்சினா அது பிச்சிக்கிட்டு வந்துரும். இப்ப எலும்பு தெரியுது. கிளினிக்ல சொல்லலியா?"

"சொன்னாங்கமா" என்றான் சாமிக்கண்ணு. "ஜாங்ஙான் ஹிசாப்னாங்க. இவதான் ரோக்கோ பிடிக்க மாட்டாளேன்னு..."

"அங்கிள், ஹிசாப்னா உறிஞ்சுறதும்தான்லா."

டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கும் மருந்தைத் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் மண்டைக்குள் இருந்த குடைச்சல் இறங்கி, தாடையில் மந்தமான வலியாக நின்றது. வெளியே வந்து மோட்டாரில் உட்கார்ந்த பிறகு திலகவதிதான் பேசினாள்.

"பொகை ஆவாதுன்னு ரோட்ல போயி நின்னீங்களே."

சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் வலித்தது. நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை இருட்டோடு கேன்டீனில் போய் நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. பவானேஸ்வரி மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன திலகா, புருசன் அறைஞ்சிட்டாரா?"

"பல்லு புடுங்குனேங்க்கா. கை நல்லாத்தான் இருக்கு."

"சரி, மாஸ்க்க மாட்டு. வெங்காயம் அங்க இருக்கு."

ஒரு மூட்டை வெங்காயம். உரித்தாள், நறுக்கினாள், பெரிய குவாலிச் சட்டியில் மீ நூடுல்ஸ் பிரட்டினாள். மருந்து தேயத் தேயத் தாடை மறுபடியும் முனகியது. யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயம் காரணமாகிவிட்டது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் சாமிக்கண்ணு நின்றிருந்தான். மோட்டார் பிடியில் மைலோ ஐஸ் பை தொங்கியது. ஸ்ட்ரா இல்லை. சட்டைப் பையில் வீட்டுக் கரண்டி துருத்திக்கொண்டிருந்தது.

"என்னா சொன்னா பவானேஸ்வரி?" என்று கேட்டான்.

திலகவதி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு இன்னும் வெள்ளனமா வரணுமாம்."