ஆறாம் வகுப்பில் இருபது பேர்

என் அண்ணன் தீனதயாளன் ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தபோது எனக்குக் கணக்குப் பரீட்சைக்கு இரண்டே நாள் பாக்கி. பரீட்சை என்றால் தாளில் எழுதுவது இல்லை. அதில் எப்போதோ பாஸாகிவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் செய்முறை என்று ஒன்று உண்டு. தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நிஜப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். அதில்தான் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தேன். மூன்றாவது தடவையும் போனால் அதற்குமேல் வாய்ப்பு கிடையாது. சர்ட்டிபிகேட்டை மறந்துவிட்டுக் கரும்புக்குச் சோகை உரிக்கப் போகவேண்டியதுதான்.

முதல் தடவை தோற்றது என் கெட்டிக்காரத்தனத்தால். செய்முறைக்கு முந்தின வாரம் அதே பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்தி, கேள்வியையும் பதிலையும் உருப்போட வைப்பது எங்களுக்குள் நடக்கிற வழக்கம்தான். நான் கொஞ்சம் கூடுதலாகவே செய்துவிட்டேன். "ஒரு கூடையில்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசைப் பையன் எழுந்து பன்னிரண்டு மாம்பழம் என்றான். சமாளிக்கலாம் என்று கூடையில் வாழைப்பழத்தை வைத்தேன். அதற்கும் பன்னிரண்டு மாம்பழம் என்றே சொன்னான். இரண்டாம் தடவை யாரையும் உருப்போட வைக்கவில்லை. ஒரு பெண் பாடக்குறிப்பில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். ஆனால் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன், மணி அடித்துவிட்டது.

மூன்றாவது தடவைக்கு எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியிலேயே ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்புகள் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகும். பாடம், சதவீதம்.

எண்பத்தேழு செப்டம்பரில் அந்தப் பரீட்சையும் இட ஒதுக்கீட்டுப் போராட்டமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. எங்கள் சனத்துக்கு இருபது சதவீதம் வேண்டும் என்று ஊர் ஊராகச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நகர முடியாமல் நிற்பதாகப் பேசிக்கொண்டார்கள். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஊருக்கு அண்ணன்தான் பொறுப்பு. வண்டி போகக் கூடாது, கடை திறக்கக் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லி வைத்திருந்தான்.

செய்முறைக்கு ஒரு விதி இருந்தது. பாடம் தொடங்கி முடிகிறவரைக்கும் வகுப்பில் இருபது பேர் இருக்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் தேர்வு செல்லாது. பரீட்சைக்கு முதல்நாள் சாயங்காலம் சோறு வாங்க வீட்டுக்கு வந்த அண்ணனிடம் அதைச் சொன்னேன். ஊர் முழுக்கத் திறந்துவிட வேண்டாம், இருபது பிள்ளைகளை மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு அனுப்பச் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன்.

முடியாது என்றான். முந்தின நாள் ஒரு கல்யாண கோஷ்டியையே வண்டியை விட்டு இறக்கி நடக்க வைத்தவன் அவன். காலில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மலைக்காரப் பெண்ணையும் அவள் புருஷனையும் ஜீப்போடு இரண்டு நாளாக மரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டிலிருந்து சோறு போனது.

"எதுக்கு இந்தப் போராட்டம்? வேலைக்குத்தானே? அந்த வேலைக்கு சர்ட்டிபிகேட் வேணுமா வேணாமா?" என்று கேட்டேன்.

"வேணும். ஆனா செத்தவங்க வூட்டு வாசல்ல போயி, என் தங்கச்சிக்குப் பரீட்ச, அதனால எங்கூர்ல மட்டும் ஸ்கூலு நடந்திச்சின்னு சொல்லட்டுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கரும்புக்கொல்லைக்குப் போகிற அன்றைக்கு நீயே வந்து அரிவாள் எடுத்துக் கொடு என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவன் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டான்.

காலையில் போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. நூறு கட்டம் போட்ட அட்டையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தேர்வாளர் ராமசாமி எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கடலூர்க்காரர். தேர்வு நடத்த வந்து பஸ் இல்லாமல் கள்ளக்குறிச்சி லாட்ஜில் மாட்டிக்கொண்டவர். வாடகை சைக்கிளைத் தோளில் தூக்கி வழியிலிருந்த மரங்களைத் தாண்டி வந்ததில் சட்டையெல்லாம் அழுக்கு. ஆறாம் வகுப்பில் பெஞ்சுகள் மட்டும் இருந்தன.

"பிள்ளைங்க எங்கம்மா?" என்றார். போராட்டம் சார் என்றேன். அவர் என்னை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை. இன்றைக்கே மதிப்பெண்ணை ஒப்படைக்கவேண்டும், வேறு நாள் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, அரைமணி நேரம் பார்க்கலாம், அதற்குமேல் 'வகுப்பு நடைபெறவில்லை' என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதான் என்றார். சொல்லிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது வாசலில் செருப்புகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தான். அவன் பின்னால் மரத்தடியில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும், மரத்தூள் ஒட்டின லுங்கியோடு வந்தார்கள். வந்து பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார்கள்.

"புள்ளைங்க ஸ்கூலுக்கு வரக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். அதுல மாத்தம் இல்ல," என்று தேர்வாளரிடம் சொன்னான். "நாங்க வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க."

ராமசாமி சார் விதித் தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். இருபது பேர் என்று இருந்ததே தவிர வயசு என்ன என்று எங்கும் இல்லை. எண்ணிப் பார்த்தார். பதினெட்டு. அண்ணன் வெளியே ஓடினான். திரும்பி வரும்போது அந்த மலைக்காரத் தம்பதியைக் கூட்டிவந்தான். புருஷன் கரியன் முன்னால் வர, பெரியம்மாள் கட்டுப்போட்ட காலைத் தாங்கித் தாங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மரத்துக்குக் காவலாக ஓர் ஆளையும் விட்டுவைக்கவில்லை. விட்டிருந்தால் எண்ணிக்கை உதைத்திருக்கும்.

"யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது," என்று சொல்லிவிட்டு சார் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

அரை என்றால் எவ்வளவு, கால் என்றால் எவ்வளவு என்று கேட்டு ஆரம்பித்தேன். அட்டையை மாட்டி, நூற்றில் இருபத்தைந்து கட்டத்துக்குப் பச்சை அடித்ததைக் காட்டினேன். நூற்றில் பத்து, நூற்றில் ஐம்பது என்று போனேன். தேர்வாளர் எந்தப் பக்கத்து மனுஷரோ என்று பயந்து, பாடக்குறிப்பில் இருபது என்ற எண்ணே தலைகாட்டாமல் எழுதியிருந்தேன். ஆனால் வகுப்பே அதற்காகத்தான் காத்திருந்தது. "இருபது எப்பம்மா வரும்?" என்று பச்சமுத்து சித்தப்பா கேட்டே விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு வரிசைக் கட்டங்களைச் சாக்பீஸால் நிரப்பி, இதுதான் இருபது என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. "நூறு வேலயில இருபது. அது புரிஞ்சிபோச்சி. நம்ம ஸ்கூல்ல ஒரே ஒரு வாத்தியார் வேலதான் காலின்னு வச்சிக்கோ. அதுல இருபது சதவீதம் இன்னா?"

ஐந்தில் ஒரு பாகம் என்றேன். அஞ்சில் ஒரு பாகம் ஆள் எப்படிப் போய் வேலை செய்வான், ஒரு கையும் காலும் மட்டும் போகுமா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, மறுபடி சிரிப்பு. கடைசி பெஞ்சில் சாரின் பேனா நின்றுவிட்டது. போன தடவை மாதிரியே ஆகப்போகிறது என்று தெரிந்தது. பார்வை கரும்பலகைப் பக்கம் போனது. போனதை இழுத்துக்கொண்டு வந்து சித்தப்பாவைப் பார்த்தேன். அவரைப் பார்த்ததும் அவர் கிணறு ஞாபகம் வந்தது.

"சித்தப்பா, பங்குக் கிணத்துல உங்களுக்கு எவ்வளவு?"

"அஞ்சுல ஒண்ணு."

"தெனமும் அஞ்சுல ஒரு பங்கு தண்ணிய எறைக்கறீங்களா?"

"அது எப்பிடி முடியும்? அஞ்சு நாளுக்கு ஒருக்கா எம் மொற. அன்னிக்கி முழுத் தண்ணியும் எனக்குத்தான்."

"வேலையும் அப்படித்தான். ஒண்ணே ஒண்ணு வந்தா வெட்டிப் பிரிக்க முடியாது. அஞ்சு வேல வந்தா அதுல ஒரு மொற நம்மளுது."

சித்தப்பா விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டு, "அப்ப மொற வர்ற வரைக்கும் காத்துக்கினு கெடக்கணும்," என்றார். ஆமாம் என்றேன். சார் ஏதோ எழுதினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடம் நடத்துவதில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் ரோட்டுப் பக்கம் லாரி உறுமுகிற சத்தம் வந்தது. அப்புறம் சங்கிலி இழுபடுகிற சத்தம். போலீஸ் மரத்துக்கு வந்துவிட்டது, காவலுக்கு ஆள் இல்லாத மரத்தை லாரியில் கட்டி இழுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அண்ணன் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தான். உட்கார்ந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு மூன்று தடவை அடித்தான் டிரைவர். ரோடு திறந்துவிட்டது, மலைக்குப் போகலாம். கரியன் எழுந்தார். அவர் எழுந்ததில் எந்தத் தப்பும் இல்லை. என் பரீட்சையோ எங்கள் இருபது சதவீதமோ அவருக்கு ஒரு தொடர்பும் இல்லாத சங்கதி. அவர் இரண்டடி வைத்தால் என் கதை முடிந்தது.

இரண்டு நாளாக அவரை "யோவ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், "கொஞ்சம் ஒக்காருங்க. தங்கச்சி பாடத்த முடிச்சிடும்," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

கரியன் அவனைப் பார்த்தார். "ரெண்டு நாளா நீ சொல்லித்தானே ஒக்காந்துக்கினு இருக்கறோம். இன்னுங் கொஞ்சம் ஒக்காந்தா இன்னா." உட்கார்ந்தார். பெரியம்மாள் எழுந்திருக்கவே இல்லை. அட்டையில் இருந்த கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மீதி இருந்தது தொகுத்துச் சொல்வதும் மதிப்பீடும். சீக்கிரம் முடித்தால் இவர்கள் ஓடிப்போய் எதையாவது தடுக்கலாம். பெஞ்சில் இருந்த யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் பாடக்குறிப்பில் ஒரு படியை விட்டாலும் மதிப்பெண் போகும். ஒன்றுவிடாமல் நடத்தினேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவதோடு படிப்பை நிறுத்தியவன் அவன்.

மதிப்பீட்டில் கடைசிக் கேள்வியைத் தேர்வாளர் தானே கேட்பார். சார் எழுந்து அண்ணனை நோக்கி, "இந்த வகுப்புல இருக்கறவங்கள்ல இருபது சதவீதம் எத்தனை பேர்?" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றான். அவன் உதடு அசைந்தபோது ரோட்டில் முதல் பஸ் போனது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சார் காதில் கைவைத்தார். அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டதால், அதற்கு மேலே குரலை உயர்த்தி, "நாலு பேருங்க," என்று கத்திச் சொன்னான் அண்ணன்.

சரி என்று சார் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மரம் இரண்டு துண்டாகக் கிடந்தது. போலீஸ் லாரி முன்னே போய்விட்டிருந்தது. பெரியம்மாளைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றிவிட்டது அண்ணன்தான். மற்றவர்கள் ரோட்டோரத்தில் நின்று, இரண்டு நாளாக அவர்கள் நிறுத்தி வைத்திருந்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒருவர் சொன்னார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அண்ணன் என்னிடம் வந்தான். "பாஸு போட்டுட்டாரா?"

அதெல்லாம் உடனே சொல்லமாட்டார்கள், ரிசல்ட் வர இரண்டு மாசம் ஆகும் என்றேன்.

"ரெண்டு மாசமா? மரத்த வுட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கறேன். ஊரு கேட்டா நான் இன்னா சொல்றது? நீ பாஸு. இன்னிலேர்ந்தே பாஸு. அப்பிடித்தான் சொல்லப்போறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டிலேயே நின்று அழுதேன்.

"பஸ்ஸு வருது, ஓரமா வா," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.