புகையில்லாத கார்

சேக்காட்டுப் பிரகாசம் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்லர். ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற கையோடு, தொண்ணூற்று மூன்றில், பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். ஓட்டுவதற்கு வேம்புலி.

மகள் ரோஸியைப் பெண் கேட்டு வந்த கொரட்டூர் சத்தியராஜிடம் ஒரே நிபந்தனைதான் வைத்தார். "எங்க வீட்டுப் பொண்ணு எலக்ட்ரிக் ரயில்ல இடிபடக் கூடாது. இது மாதிரி நீங்களும் ஒண்ணு வாங்கிடணும். துளி புகை கிடையாது."

"ரயிலும் கரண்டுலதானே மாமா ஓடுது? ஆயிரம் பேரை ஏத்திக்கினு போவுது. என் சைக்கிளுக்கு அதுகூட வேணாம்," என்றான் அவன்.

பிரகாசத்துக்குச் சுருக்கென்றது. ஞாயிறன்று பூசை முடிந்து கொரட்டூருக்கே வந்து முடிவைச் சொல்வதாகக் கூறி அனுப்பினார். ரோஸி அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

ஞாயிறு வந்தது. ரோஸியையும் பழத்தட்டையும் காரில் ஏற்றிக்கொண்டவர், கிளம்புமுன் நாலு பேர் பார்க்கட்டும் என்று காலனியை மூன்று சுற்று சுற்ற வைத்தார். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் வந்ததும் கார் முனகி நின்றது.

"சார்ஜு பூட்ச்சு அய்யா. மூணு ரவுண்டு அடிச்சா இன்னாத்துக்கு ஆவும்?"

"வாயை மூடு."

"அப்பா, ஸ்டேஷன் எதிர்லதான்," என்றாள் ரோஸி.

பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவது குடும்பத்துக்கு இழுக்கு. அதை வேம்புலியிடமே விட்டுவிட்டு ரோஸியோடு ஏறினார். வேர்க்கடலை விற்பவன் நகர்ந்து இடம் கொடுத்தான். "குந்து நைனா." இரண்டாம் நிறுத்தமே கொரட்டூர்.

வாசலில் சத்தியராஜின் அப்பா ஜேசுராஜ் நின்றிருந்தார். "வாங்க சம்பந்தி. காரு எங்க?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

ரோஸி தலையைக் குனிந்துகொண்டாள். தன் அறுபது வயதில் மகள் எதிரே சொன்ன முதல் பொய் அதுதான் என்று அவருக்குப் பட்டது.

சற்று நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. அம்பத்தூரில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சத்தியராஜ், கேரியரிலிருந்து ஒரு தட்டை அவிழ்த்தான். வேம்புலியிடம் விட்டுவந்த பிரகாசத்தின் தட்டு. வாழைப்பழம் ஒன்று நசுங்கியிருந்தது.

"ஏதுடா இது?" என்றார் ஜேசுராஜ்.

"மாமா குடுத்து அனுப்பிச்சாருப்பா. வழியில பார்த்தேன்." பிரகாசத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

பிரகாசத்துக்குக் காதுமடல் எரிந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் குடுத்து அனுப்பல சம்பந்தி. காரு சர்வீஸ்லயும் இல்ல. அம்பத்தூர் ரோட்டுல நின்னு கிடக்கு. உங்க பையன் என் மானத்தைக் காப்பாத்தப் பார்க்கிறான்." தொண்டையைச் செருமினார். "அந்த நிபந்தனையை விட்டுடுங்க. கோயில்ல கல்யாண ஓலை எழுதச் சொல்லிடலாம்."

அவரால் நிமிர முடியவில்லை.

"காப்பி ஆறுது மாமா," என்றான் சத்தியராஜ்.