எருக்குழியில் முளைத்த பரங்கி

அந்தப் பரங்கியை கோரின் விதைக்கவே இல்லை. போன வருஷம் அவள் தோட்டத்தில் பரங்கிக் கொடியும், வாசல் அலங்காரத்துக்கு மட்டும் வளர்த்த, தின்றால் விஷமான கசப்புக் குட்டிப் பூசணிக் கொடியும் ஒன்றோடொன்று பின்னிப் படர்ந்திருந்தன. தேனீ எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போனதோ, யார் கண்டது? எருக்குழியில் கொட்டிய விதை இந்த வருஷம் தானாக முளைத்துக் காய்த்துத் தள்ளியது. பயப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டாள், பாவி.

ஆகஸ்டில் அவள் கணவன் வெண்டலுக்கு மாரடைப்பு வந்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இனி தட்டில் எதை வைத்தாலும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வாக்குக் கொடுத்திருந்தான். இன்னொரு தடவை வந்தால் அவனை இழந்துவிடுவோம் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் மதியம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆப்பிளும், புளிப்பும் துவர்ப்புமான கிரான்பெர்ரிப் பழமும் சேர்த்து ஓவனில் சுட்ட பரங்கியை அவன் தட்டில் குவித்தாள். மேசைக்கடியில் அவர்கள் நாய் வழக்கம்போலக் காத்துக் கிடந்தது. ருசி பார்க்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. முப்பது வருஷக் கை அல்லவா!

"கோரின், கசக்குதே."

"ஆரம்பிச்சுட்டியா! வைட்டமின் ஏ இருக்கு, நார்ச்சத்து இருக்கு. பன்னிக்கறி இல்லியேன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"கிரான்பெர்ரியா இருக்கும். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தது நீயா, நானா?"

"சரிம்மா தாயே, முழுங்கறேன்."

வான்கோழியை வெட்டி எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது தட்டு காலி. வெண்டலின் நெற்றியில் வியர்வை கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே வாந்தி எடுத்தான். ஐயோ, மறுபடியும் நெஞ்சுதான் என்று அலறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று போனில் ஒரு பெண் கேட்டாள்.

கோரின் பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். தொண்டைவரை எரிகிற கசப்பு. இதையா இவ்வளவு நேரம் தின்றான்? பரங்கி, விஷமாகக் கசக்கிறது என்று போனில் கத்தினாள். சாலையெல்லாம் பனி, வண்டி வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றாள் போன்காரி.

வெண்டலின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "துப்பியிருக்கக் கூடாதா, மடையா!" என்று அழுதாள்.

உதடு வெளுத்துப்போயிருந்த அவன் சிரிக்கப் பார்த்தான். "எப்பவும் பிடிக்காததை மேசைக்கடியில நாய்க்குத் தள்ளிடுவேன், கோரின். இன்னிக்கு ஒரு வாய்கூடத் தள்ளலை."